கறி வேண்டாமென்ற விருந்தாளி எழுதுவது

துஷான்பே நகரத்துக் குருதோப் கடை அக்காவுக்கு,

தஜிகிஸ்தான் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பட்டினிதான் கிடப்பாய்." பாதி உண்மை. பலோவ் சோற்றில் ஆட்டுக்கறி, ஷுர்போவில் எலும்புச் சாறு, லக்மான் நூடுல்ஸிலும் கறி. கறியில்லாமல் கேட்டால் துண்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள். குறை சொல்ல முடியாது. விருந்தாளிக்குக் கறி வைப்பதுதான் அங்கே மரியாதை. அதை வேண்டாமென்பவன்மேல் கோபம்கூட வரலாம்.

உங்களுக்கு வரவில்லை. "மன் கூஷ்த் நமேகூரம்" என்று, கறி தின்பதில்லை என்பதை மனப்பாடமாக ஒப்பித்தேன். சிரித்துவிட்டு மரத்தட்டை எடுத்தீர்கள். உப்பிட்டு உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டைகளை நீரில் கரைத்து, ஃபாத்தீர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊற்றி, எண்ணெயில் வதக்கிய வெங்காயம், மேலே தக்காளி, வெள்ளரி, கொத்தமல்லி. இதுதான் குருதோப். கையால்தான் சாப்பிட வேண்டும் என்றபோது எனக்குப் பாதிக் கவலை போயிற்று. மோர்க்குழம்பில் ஊறிய பரோட்டா என்று ஊரில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது ருசிக்காக அல்ல. ஃபாத்தீரின் அடுக்குகளில் தடவியது வெண்ணெயா, தும்பா என்கிற செம்மறிவால் கொழுப்பா என்று நான் தயங்கினேன். நீங்கள் அடுப்படிக்கே கூட்டிப்போய் வெண்ணெயைக் காட்டினீர்கள். வாடிக்கையாளனின் சந்தேகத்தை அவமானமாக எடுத்துக்கொள்ளாத சமையல்காரரை நம் ஊரிலேயே தேட வேண்டியிருக்கிறது.

பால்கூடத் தொடாத என் தோழிக்குக் குருதோப் ஆகாது. அவளுக்கு மெஹர்கோன் சந்தைக்கு வழி காட்டியதும் நீங்கள்தான். 1937இல் ஸ்டாலின் ஆட்சி மத்திய ஆசியாவுக்குக் கட்டாயமாக அனுப்பிய கொரியர்கள் உருவாக்கிய கார கேரட் சாலட், உலர்ந்த பாதாமி, முசுக்கொட்டைப் பழம், தந்தூர் அடுப்பின் சூட்டோடு 'நோன்' ரொட்டி. அவள் வயிறு வாடவே இல்லை.

இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு: பூசணி சம்பூசாவைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு. பாமிர் மலைப்பக்கம் போவதானால் பருப்பும் உலர்பழமும் துஷான்பேயிலேயே மூட்டை கட்டிக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் முர்காபில் காய்கறி விளைவது அபூர்வம்.