நெஞ்சுக்குழி

என் நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு பள்ளம். பிறவியிலேயே வந்தது. "சாமி வெரல வச்சு அமுக்கிடுச்சு" என்பாள் அம்மா. பையன்கள் சட்டையைக் கழற்றி ஆற்றில் குதிப்பார்கள். நான் கரையில் துணிக்குக் காவல்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, செய்வதென்றால் அழகுக்காகத்தான் என்றார். நெஞ்செலும்புக்கு அடியில் வளைத்த உலோகப் பட்டையைச் செருகி எலும்பை முன்னே தள்ளுவார்களாம். அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற மருத்துவர் 1987இல் தொடங்கிய முறை. பட்டை 2, 3 வருசம் உள்ளேயே கிடக்கும். எடுக்க இன்னொரு ஆபரேஷன். வலி கடுமை. அபூர்வமாக இதயத்திலேயே காயம் படலாம்.

தோழர் ஒருவர் கேட்டார்: "நம்ம ஒடம்ப நாமளே வெறுக்கலாமா? அவங்க அளவுகோலுக்கா நெஞ்ச அறுத்துக்கப் போறீங்க?" பதில் வரவில்லை.

தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கி, வெறும் நெஞ்சோடுதான் ஊர்த்தெருவைக் கடக்கணும். அப்பா முதன்முதலில் வெள்ளைச் சட்டை போட்டுப் போனபோது, "ஒனக்கெல்லாம் என்னடா அழகு வேண்டிக்கெடக்கு?" என்று மறித்துக் கிழித்தார்கள். அடுத்த வாரமே அப்பா இன்னொரு சட்டை தைத்துக்கொண்டார். அப்படி வாங்கித் தந்த சட்டைக்குள்தான் முப்பது வருசமாக நான் ஒளிந்து கிடக்கிறேன்.

தோழர் கேட்டது நியாயம். இந்தப் பள்ளத்தை வெறுத்தேன்தான். ஆனால் அழகுக்கு ஆசைப்படுவது நமக்கு ஆகாது என்று சொன்னவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

சங்கத்தில் கடன் போட்டாச்சு. தை மாதம் ஆபரேஷன். வலி அடங்கி, டாக்டர் சரியென்றதும், ஆற்றில் தண்ணி வரும் நாளில் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கணும். வேறொன்றுமில்லை.