சதுப்பில் புதைந்த ஸ்பிட்ஃபயர்

1940 ஆகஸ்ட் 18. பிரிட்டன் வான்போரின் மிகக் கடுமையான நாள். அன்று ஜெர்மானிய விமானங்களைத் துரத்திப் போன, பிரிட்டிஷ் விமானப்படையின் 65ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்று திரும்பவே இல்லை. ஓட்டியவர் போலந்துக்காரர், ஃபிரான்ட்சிஷெக் குருஷ்கா. வயது 30.

இப்படிக் காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் ஸ்குவாட்ரன் பதிவேடுகளை. யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பதெல்லாம் அதில் உண்டு. இறங்கிய நேரம் காலியாக இருந்தால் வேலை அங்கே தொடங்குகிறது. போலந்துப் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்! பெயரைவிடச் சேவை எண்ணை நம்புவதே புத்திசாலித்தனம். போலந்து விமானப்படையினரைத் தொகுத்த க்ஷிஸ்டெக் பட்டியல் அதற்குக் கைகொடுக்கும்.

குருஷ்கா விஷயத்தில் காகிதங்கள் ஓர் எல்லைக்கு மேல் பேசவில்லை. 1970களில், போர்க்கால விமானங்களைத் தோண்டித் தேடும் ஆர்வலர்கள் கான்டர்பரி அருகே சதுப்பு நிலத்தைக் கிளறியபோதுதான் விமானத்தின் சிதைவுகளோடு அவர் உடலும் கிடைத்தது.

1975இல் லண்டனின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவரை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.