என் கொக்கி என் தோளில்

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "நமக்கென்ன எழுத வரும்" என்று தயங்கினேன். பிறகு, பட்ட அவமானத்தையே எழுதினால் என்ன என்று தோன்றியது!

அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். விண்ணப்பங்களுக்கான போட்டோ, கையெழுத்து இரண்டையும் கேட்ட கே.பி. அளவுக்குச் சுருக்க, பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி பென்டிரைவில் வைத்திருந்தேன். ஹாஸ்டலில் அதற்கு நல்ல பெயர்.

உதவித்தொகைக்குக் கடைசி நாள். முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி வந்தாள். "கவலைப்படாதேம்மா, ரெண்டு நிமிஷம்" என்று லேப் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினேன். 'ஆன்டிஅலையாஸ்' என்று ஒன்றே இல்லை என்றது மெஷின். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அவள் பஸ் காசை எடுத்து பிரவுசிங் சென்டரில் அறுபது ரூபாய் கொடுத்து முடித்தாள். "பரவால்லண்ணா" என்றாள். அந்தப் 'பரவால்ல' என்னை ராத்திரி தூங்கவிடவில்லை.

விஷயம் இதுதான். என் ஸ்கிரிப்ட் 'பில்லோ' என்ற லைப்ரரியை நம்பியது (மாடியில் இருக்கிற நம்ம லைப்ரரி அல்ல!). என்னிடம் இருந்தது 9.5. லேபில் 10. அந்தப் பெயரை 2023 ஜூலையில் வந்த 10.0.0-இல் எடுத்துவிட்டார்கள், 'லான்சோஸ்' என்று எழுத வேண்டும். ஒரே வார்த்தை! ஆனால் நாளைக்கு இன்னொரு கம்ப்யூட்டரில் இன்னொரு பதிப்பு இருந்தால்?

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ! "எந்த மண்டிக்குப் போனாலும் என் கொக்கி என் தோள்ல. அங்க கிடக்கிறதைத் தொடமாட்டேன்" என்றார்.

சரி என்று லைப்ரரியையும் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். முதலில் அதைத் தேடும்படி 'சிஸ்.பாத்'தில் சேர்த்தேன். சேர்த்தது இம்போர்ட் வரிக்குக் கீழே! ஒருமுறை ஏற்றிவிட்டால் பைத்தான் திரும்பத் தேடாது. லேபில் உள்ளதே வந்தது. வரியை மேலே தூக்கினால் வேறு எர்ரர். பில்லோவின் உள்பாகம் சி மொழியில் செய்தது; என் 3.10-க்கான ஃபைல் லேபின் 3.11-இல் ஏறாது. கடைசியில் பைத்தானையே கொண்டுபோனேன். விண்டோஸுக்கு 'எம்பெடபிள்' என்று ஒரு ஜிப் தருகிறார்கள். அதிலுள்ள 'பிடிஹெச்' ஃபைலில் எழுதிய இடங்களில் மட்டும் அது தேடும். லேபில் எது இருந்தாலும் கண்டுகொள்ளாது.

9.5-ஐயே பூட்டி வைக்கலாம் என்றிருந்தேன். எங்கள் சார்தான் தடுத்தார். பழையதைப் பூட்டினால் அதன் ஓட்டையையும் சேர்த்துப் பூட்டுகிறாய் என்றார். 'வெப்பி' படங்கள் வழியாக வந்த ஒரு ஆபத்துக்கு 2023 செப்டம்பரில் 10.0.1-இல்தான் மருந்து வந்ததாம். அதனால் அந்த ஒரு வார்த்தையை மாற்றி, 10.4.0-ஐ வைத்தேன். எப்போது மாற்றுவது என்பதை இனி லேப் முடிவு செய்யாது, நான் முடிவு செய்வேன்.

இந்த வருஷம் விண்ணப்ப நேரத்தில் அதே தங்கை வந்து பென்டிரைவை வாங்கிப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. லேடீஸ் ஹாஸ்டலில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.