ராமேஸ்வரம் என்று தேடினால் தோசை வருகிறது

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ்காரர் இருக்கிறார். அவர் பெயர் வேண்டாம், லாட்ஜின் பெயரும் வேண்டாம். பன்னிரண்டு ரூம். கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அவருடைய அப்பா காலத்தில் வாசலில் ஒரு போர்டு, பஸ் ஸ்டாண்டில் நாலு ஆட்டோக்காரர்கள் பழக்கம், அவ்வளவுதான் விளம்பரம். ரூம் நிரம்பிவிடும். இப்போது யாத்ரீகர் சூரத்திலோ நாக்பூரிலோ சோபாவில் உட்கார்ந்தபடியே செல்போனில் ரூம் பார்த்து முடித்துவிடுகிறார். முக்கால்வாசி பேர் புக்கிங் கம்பெனிகள் வழியாகத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு ரூமுக்கும் கமிஷன். "நான் கட்டின லாட்ஜுக்கு நானே வாடகை கொடுக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பொறுத்துப் பார்த்துவிட்டு சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டார். ஆறு மாதம் ஆகியும் ஒரு ஈ காக்கை வரவில்லை. சரி, காசு கொடுத்தாவது கூகிளாண்டவர் அருளைப் பெறலாம் என்று விளம்பரம் கொடுத்தார். மூன்று நாளில் 3000 ரூபாய் காலி. போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் டேபிள் புக் பண்ண முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். இன்னொருத்தர் இந்திரா நகர் கிளை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றார். மூன்றாவது ஆள் நெய் பொடி தோசை விலை கேட்டபோதுதான் அண்ணனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

மேட்டர் இதுதான். பெங்களூருவில் 2021-ல் 'தி ராமேஸ்வரம் கஃபே' என்று ஒரு ஓட்டல் ஆரம்பித்தார்கள். அப்துல் கலாம் பிறந்த ஊர் என்பதற்காக வைத்த பெயர். நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை, கூட்டம் அள்ளுகிறது. 2024 மார்ச் 1 அன்று அதன் ஒரு கிளையில் குண்டு வெடித்தபோது நாடு முழுக்க அந்தப் பெயர் செய்தியானது. விளைவு, ராமேஸ்வரம் என்று கூகிளில் அடிக்கிறவர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு ராமநாதசுவாமியும் வேண்டாம், அக்னி தீர்த்தமும் வேண்டாம், தோசைதான் வேண்டும். நம் அண்ணன் கொடுத்த சொல் வெறும் 'ராமேஸ்வரம்'. தோசைக்காரர்கள் எல்லாரும் அவர் விளம்பரத்தை அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் பணம் கட்டினார்.

கூகிள் விளம்பரத்தில் சொற்களைக் கொடுக்கும்போது மூன்று வகை உண்டு. ஒன்று அகலப் பொருத்தம். கொடுத்த சொல்லோடு சம்பந்தம் இருப்பதாகக் கூகிள் நினைக்கிற எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டப்படும். அடுத்தது சொற்றொடர் பொருத்தம், அதற்கடுத்தது துல்லியப் பொருத்தம். ஒன்றும் தொடாமல் விட்டால் முதல் வகைதான். புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுவதும் அங்கேதான். 'ராமேஸ்வரம் லாட்ஜ்', 'ராமேஸ்வரம் கோயில் பக்கத்தில் ரூம்' என்று நீளமாக, சொற்றொடர் பொருத்தத்தில் கொடுத்திருந்தால் பாதி தொல்லை இல்லை. மீதி பாதிக்கு எதிர்மறைச் சொற்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் போடுகிற சொல் தேடலில் இருந்தால் விளம்பரம் வராது. கஃபே, தோசை, மெனு, பெங்களூரு எல்லாம் அதில் போக வேண்டியவை. ஆனால் 'கஃபே' என்று போட்டால் 'ரெஸ்டாரன்ட்' தானாகத் தடைபடாது. அதையும் தனியாகப் போட வேண்டும். யார் யார் என்னென்ன அடித்து உள்ளே வந்தார்கள் என்பதை விளம்பரக் கணக்கிலேயே தேடல் சொற்கள் என்ற பக்கத்தில் பார்க்கலாம். (வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அந்த ஒரு பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். முதல் வாரத்தில் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.)

பெயர்க் குழப்பம் இதோடு நிற்கவில்லை. ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் இங்கிலீஷில் எழுதுகிற ராமேஸ்வரத்தில் எச் கிடையாது. வடநாட்டுக்காரர்கள் எச் சேர்த்து எழுதுகிறார்கள். அந்தக் கஃபேயும் எச் சேர்த்துத்தான். கூகிள் இரண்டையும் ஒரே ஊராகப் புரிந்துகொள்கிறது என்றாலும், பக்கத்தில் இரண்டு எழுத்துமுறையும் இயல்பாக ஒருமுறை வந்துவிடுவது நல்லது. தமிழில் கேட்கவே வேண்டாம், இராமேஸ்வரம், ராமேஸ்வரம், இராமேசுவரம் என்று ஆளுக்கொரு விதம். மாவட்டத் தலைநகர் கதை இன்னும் மோசம். கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டில் ஒரு ராமநாதபுரம் இருக்கிறது. 'ராமநாதபுரம் ஓட்டல்' என்று விளம்பரம் கொடுத்தால் அந்தப் பக்கத்து ஆட்களும் வந்து அழுத்துவார்கள். உள்ளூர்க்காரர்கள் ராம்நாடு என்றே பழகியிருப்பதால் அந்தச் சொல் கொஞ்சம் பாதுகாப்பானது.

அண்ணன் செய்த இன்னொரு தப்பு, எங்கே காட்ட வேண்டும் என்பதில். ராமேஸ்வரத்து லாட்ஜ்தானே என்று ராமநாதபுரம் மாவட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். உச்சிப்புளியில் இருப்பவர் ராமேஸ்வரத்தில் எதற்கு ரூம் போடுவார்? பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று, நான்கு தாம்களில் ஒன்று. வாடிக்கையாளர் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் வங்காளத்திலும் இருக்கிறார், விளம்பரம் அங்கேதான் தெரிய வேண்டும். ரூம் போடாமலே வந்து இறங்கி, கோயில் வாசலில் நின்று 'பக்கத்தில் லாட்ஜ்' என்று தேடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் காசு கொடுத்து விளம்பரம் வேண்டியதில்லை. கூகிள் மேப்பில் லாட்ஜின் பக்கம் சரியாக இருந்தால் போதும், அது இலவசம். முகவரி, போன் நம்பர், ரூம் போட்டோ, விமர்சனங்களுக்குப் பதில். தூரம், பொருத்தம், பிரபலம் இந்த மூன்றையும் வைத்துத்தான் மேப்பில் வரிசைப்படுத்துவதாகக் கூகிளே சொல்கிறது. தூரத்தில் நம் ஆள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார், கோயில் பக்கத்திலேயே இருக்கிறாரே :-)

இப்போது கணக்கு. பி.காம் முதல் வருடப் பாடம்தான். ஒரு கிளிக் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் அழுத்தினால் ஒருவர் ரூம் போடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு புக்கிங்குக்கு விளம்பரச் செலவு 600 ரூபாய். ரூம் வாடகை 1500. புக்கிங் கம்பெனிக்கு 20 சதவீதம் கொடுத்தால் 300 ரூபாய்தான். ஆக, திட்டித் தீர்த்த கமிஷன்காரர்தான் மலிவு! சொந்த வெப்சைட், சொந்த விளம்பரம் என்ற ரோஷத்தில் பலபேர் கவனிக்காமல் விடுகிற இடம் இது. அதற்காக விளம்பரமே கூடாது என்றும் இல்லை. இரண்டு ரூம், இரண்டு இரவு என்று ஒரு குடும்பம் வந்தால் வாடகை 6000. கமிஷன் 1200, விளம்பரச் செலவு அதே 600. அதனால் 15 பேர் தங்க, வேன் நிறுத்த, குடும்பத்தோடு வர என்று தேடுகிறவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டினால் கணக்கு திரும்பிவிடும். 60 கிளிக்கை 30-க்கும் கீழே குறைத்தாலும் திரும்பும். அது விளம்பரத்தில் இல்லை, அழுத்தியதும் திறக்கிற பக்கத்தில் இருக்கிறது.

ஏலம் நடக்கிற விதமும் இதற்குச் சாதகம். அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்று இல்லை. விளம்பரமும் பக்கமும் தேடினவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று கூகிள் மதிப்பிட்டு, அதையும் சேர்த்துத்தான் இடம் தருகிறது. நல்ல பக்கம் வைத்திருக்கிற சின்ன லாட்ஜ், மோசமான பக்கம் வைத்திருக்கிற பெரிய ஓட்டலை விடக் குறைந்த விலையில் மேலே வர முடியும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை சமயத்தில் விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது தனி. அந்த நாட்களில் திண்ணையைக்கூட வாடகைக்கு விடலாம். காசு கொடுத்து ஆளை வரவழைத்து "ரூம் இல்லீங்க" என்று சொல்வது என்ன வியாபாரம்?

அண்ணனின் வெப்சைட்டைத் திறந்தால் முதலில் கோபுரத்தின் படம், அதன்மேல் 'வருக வருக'. லாட்ஜ் பெயர், வாடகை, வசதி எல்லாம் அச்சடித்த நோட்டீஸை அப்படியே போட்டோவாகப் போட்டது. படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பித் தேடுபொறி ஒரு பக்கத்தை மேலே கொண்டுவரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் நிஜமாகவே தமிழ் எழுத்து. அதுவும் டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும், கூகிளுக்கும் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும், இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன.

அதற்குக் கீழே தல புராணம், இருபத்திரண்டு தீர்த்தங்களின் மகிமை, சேது பாலம். வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. இதனால் ஒரு ரூம்கூட நிரம்பாது. ஏற்கெனவே ஆயிரம் இடத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகிள் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் காட்டுவதால், தீர்த்தங்கள் எத்தனை என்று கேட்பவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது என்பது இன்னொரு காரணம். அவர் எந்த வெப்சைட்டுக்கும் வரப்போவதில்லை.

ரூம் போடப் போகிறவர் கேட்கிற கேள்விகள் வேறு. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு ரூமிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு ரூமுக்கு வரலாமா, துணி காயப்போட இடம் உண்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? எழுபது வயது அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ரூம் கிடைக்குமா? தினம் போனில் இருபது முறை இதற்கெல்லாம் பதில் சொல்கிறவர் அண்ணன். ஆனால் ஒன்றுகூட வெப்சைட்டில் இல்லை. அவர் போனில் சொல்வதை அப்படியே எழுதிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இந்தியிலும் ஒரு பக்கம் வேண்டும், எந்திர மொழிபெயர்ப்பை ஒட்டாமல், தெரிந்தவரை வைத்து எழுதியது.

பழைய தகவல் இன்னொரு நோய். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அத்தனை நாளும் அண்ணனின் வெப்சைட் 'ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது! மண்டபத்தில் இறங்கி எப்படி வருவது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், அதைத் தேடித் தவித்த வடநாட்டுக் குடும்பங்கள் நேரே அவரிடம் வந்திருக்கும். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி வந்தது. அந்த வாய்ப்பு போயே போச்சு. தனுஷ்கோடியும் இப்படித்தான். 2017-லேயே அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அண்ணனின் பக்கம் இன்னும் மணலில் வேனில் போகச் சொல்கிறது.

இதற்கிடையில் "கூகிள் கம்பெனியிலிருந்து பேசுறோம், 5000 ரூபாய்க்கு முதல் பக்கத்தில் முதல் இடம்" என்று போன் வந்தது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் அல்லாத முடிவுகளில் இடம் விலைக்குக் கிடையாது. இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, கண்ட கண்ட இடத்தில் சுட்டிகளைக் காசுக்கு வாங்கிப் போடுவது. 2012-ல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததிலிருந்து கூகிள் அதற்குத் தண்டனைதான் கொடுத்து வருகிறது. மெட்டா கீவேர்டில் நூறு சொல் அடைப்பதும் வீண். அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டார்கள்.

இதைவிடப் பயமான விஷயம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. யாத்ரீகர்களைக் குறிவைத்து, அசல் போலவே வெப்சைட் செய்து, தேடுபொறியில் காசு கொடுத்து விளம்பரமும் செய்து, ரூமுக்கு முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறார்கள் என்று. அதாவது அண்ணன் விளம்பரம் கொடுக்கிற அதே இடத்தில்தான் திருடனும் கடை போடுகிறான். சூரத்தில் இருப்பவருக்கு எது அசல், எது போலி என்று எப்படித் தெரியும்? வெப்சைட்டிலும் மேப்பிலும் ஒரே போன் நம்பர், நிஜ ரூமின் போட்டோ, தெரு பெயரோடு முகவரி, முன்பணம் லாட்ஜ் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். இவ்வளவாவது இருக்க வேண்டும். ஏமாந்தால் 1930-க்குப் போன் செய்யலாம் என்பதையும் லாட்ஜ்காரர்களே போட்டு வைத்தால் தப்பில்லை.

கடைசியில் ஒருநாள் அண்ணன் பக்கத்தை மாற்றக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. டொமைன் அவர் பெயரில் இல்லை. வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில். விளம்பரக் கணக்கும், மேப் பக்கமும் அவன் ஜிமெயிலில். பையன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். லாட்ஜ் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, லாட்ஜின் பெயர் மட்டும் துபாயில்.

நல்லவேளை, பையன் நல்லவன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, மறந்துட்டேன்" என்று ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலை அண்ணன் செய்த முதல் வேலை, எதிர்மறைச் சொற்கள் பட்டியலில் 'தோசை' சேர்த்தது. இரண்டாவது வேலை, ஈரத்துணி காயப்போட மொட்டை மாடியில் கொடி கட்டி, அதைப் போட்டோ எடுத்து முதல் பக்கத்தில் போட்டது.