படிக்கத் தெரியாவிட்டால் காலி என்று அர்த்தமா?

இரண்டு வாரமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் போனில் விசாரித்தீர்கள். காரணம் என் பழைய கம்ப்யூட்டர்தான். மகள் வீட்டோடு இருக்க நான் பொம்மிடிக்கு வந்த வருடம் பேரன் பொருத்திக் கொடுத்தது. அதில் லினக்ஸ் போட்டு, எல்லோருடைய போன் படங்களும் அதில் போய்ச் சேரும்படி செய்திருந்தான். "இதுதான் தாத்தா நம்ம வீட்டு சர்வர்" என்பான். போன மாதம் ஒரு இடி மின்னலில் அதன் மதர்போர்டு போய்விட்டது.

உள்ளே இரண்டு டிஸ்க் உண்டு. ஒன்றில் லினக்ஸ். மற்றதில் எங்கள் சேமிப்பெல்லாம். என் மறைந்த மனைவி பேத்திக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்த பதினோரு நிமிடப் பேச்சும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு.

புதிய கம்ப்யூட்டர் வந்தது. பொருத்த வந்த தம்பி, அந்த டிஸ்க்கைக் கழற்றி யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டினார். விண்டோஸ் திரையில், இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது.

"டிஸ்க் காலிங்க சார், ஃபார்மட் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி!" என்று கத்தியேவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-ல். ஆட்சி மாறினாலும் பழைய பதிவேடுகள் பிரெஞ்சிலேயேதான் இருந்தன. நான் குமாஸ்தாவாக இருந்தபோது, புதிதாக வந்த அதிகாரி ஒருவர் ஓர் அலமாரியைத் திறந்து, "யாருக்கும் புரியாத காகிதம் ஏன் இடத்தை அடைக்கிறது?" என்றார். ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒருவரின் திருமணப் பதிவு அது. அவர் மனைவிக்குப் பென்ஷன் வர அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம். அலமாரி பிழைத்தது.

டிஸ்க்கின் கதையும் இதுவேதான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். எங்கள் டிஸ்க்கில் இருந்தது லினக்ஸின் எக்ஸ்ட்-4. விண்டோஸுக்குப் பழக்கமானது என்.டி.எஃப்.எஸ். தனக்குப் படிக்கத் தெரியாததைப் பார்த்ததும், அழித்து எழுதலாமா என்று அது கேட்கிறது. நாம் 'சரி' என்றால் அந்த அட்டவணை போய்விடும்.

சனிக்கிழமை பேரன் பெங்களூரிலிருந்து வந்தான். முதலில் பழைய டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் புது கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டான். கூடவே இருந்தால் கை தவறி அதன் மேலேயே போட்டுவிடக்கூடுமாம். பிறகு அதை மாட்டி, படிக்க மட்டும் முடிகிற மாதிரி திறந்து, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தான். அதற்குப் பிறகுதான் நிரந்தரமாக இணைத்தான். டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் மாட்டும் இடத்தைப் பொறுத்து மாறலாம் என்பதால், ஃபைல் சிஸ்டத்துக்கு உள்ளேயே எழுதியிருக்கும் நீளமான அடையாள எண்ணைக் குறிப்பிட்டான்.

இன்னொன்றும் சொன்னான். கோப்பின் உரிமையாளர் யார் என்று டிஸ்க்கில் பெயர் எழுதுவதில்லையாம், எண் மட்டும்தானாம். பழைய கம்ப்யூட்டரில் என் எண் 1000. புதியதிலும் முதல் ஆளாக என்னைச் சேர்த்ததால் அதே 1000. வேறு எண்ணாக இருந்தால் என் கோப்பே எனக்குத் திறக்காமல் போகலாமாம். ஆபீசில் ஆளைவிட நம்பருக்கு மதிப்பு என்பதை நான் முப்பது வருடம் பார்த்தவன், சிரித்துவிட்டேன்.

இரவு சாப்பிட்ட பிறகு அந்தப் பதிவைப் போட்டான். "புளியைக் கெட்டியாக் கரைக்கணும்டி" என்று அவள் குரல். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலும் பழைய டிஸ்க் இருக்கும். புதிய மெஷின் அதைக் காலி என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை பொறுத்திருங்கள். அதற்கு முன், இருப்பதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.