பிள்ளைகளோடு ஒரு நடை

இங்கிலாந்தில், சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதற்கென்றே கால்வாய்க் கரைகளிற் பாதை அமைத்தனர். இன்று அப்பாதைகளிற் குடும்பங்கள் உலாவுகின்றன. உழைப்புக்கென இட்ட வழி உலாவுக்குரிய வழியாவது அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்ட நமது பேராக் தோட்டங்களின் செம்மண் சடக்குகளும் அத்தகையனவே. தோட்டத்துக் கிராணியாகிய நாம், ஓய்வு நாட்களிற் பிள்ளைகளுடன் அவற்றில் நடப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

பத்து காஜாவுக்கு அருகே, ராயா ஆற்றோரத்தில், கெல்லி கோட்டை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்துத் துரை 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் மாண்டார், வேலையும் நின்றது. கட்டியவர்களோ தென்னிந்தியத் தொழிலாளர். 1918-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களிற் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வேண்டவே, அருகில் மாரியம்மன் கோயில் எழுப்பத் துரை இசைந்தார். நன்றியறிதலாக, அக்கோயிலின் தெய்வ உருவங்களிடையே துரையின் உருவத்தையும் அவர்கள் அமைத்தனர்.

“துரைக்கு உருவம் இருக்கிறது, செத்துப்போனவர்களுக்கு எங்கே, அப்பா?” என வினவினாள் நம் புதல்வி.

“நீ பார்த்து வந்தாயே, அந்தச் செங்கற் சுவர், அதுதான் அம்மா” என்றோம்.

அதன்பின் நெடுந்தூரம் அவள் பேசவில்லை.

பெற்றோர்களே! வெயில் ஏறுமுன் உங்கள் மக்களை அழைத்துப் புறப்படுங்கள். குடையும் குடிநீரும் போதும். ஆனால், காலடியிலுள்ள சடக்கை இட்டவர் யாரென்று சொல்லிக்கொண்டே நடவுங்கள்.