லீவு நியூஸ் போடுறவளுக்கு எப்போ லீவு?

மழைக்கால விடிகாலையில், "இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்று நீங்கள் மொபைலைத் தேடும்போது, மாவட்டவாரியாக விடுமுறைச் செய்தி போட்டுக்கொண்டிருப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

போன சீசனில் மழை விட்ட பிறகும் 4 மணிக்கே விழிப்பு வந்தது. கை தானாக போனுக்குப் போகும். சாப்பாடு இறங்காது. ஆபீஸில் தியான வகுப்பு வைத்தார்கள், அதுவும் காலை 6 மணிக்கு! ஒருநாள் மாவட்டத்தின் பெயரையே மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டே நிமிடத்தில் திருத்தியும், பாத்ரூமில் நின்று அழுதேன்.

திட்டுவார் என்று நினைத்த டெஸ்க் ஹெட், "கடைசியா எப்பம்மா வீக் ஆஃப் எடுத்தே?" என்றார். ஞாபகமே இல்லை.

'பர்ன்அவுட்' நோயல்ல, வேலையிடம் சார்ந்த பிரச்னை என்றே 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. எங்கள் டெஸ்க்கில் மாறியதும் ஷிஃப்ட்தான். இப்போது விடிகாலை வேலையை மூன்று பேர் முறைபோட்டுப் பார்க்கிறோம்.

நேற்று நல்ல மழை. எங்கள் மாவட்டத்துக்கு லீவு என்று அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.